அம்மம்மா வீட்டு ஆக்கள்: சின்னவன்ர காய்ச்சல்

சித்தி கிளிநொச்சி (காலை 6:40): ஒருத்தரும் பயப்பிடாதேங்கோ. சின்னவனை இரவு வார்ட்டில மறிச்சிட்டினம். டெங்குதானாம். மூண்டு நாள் காய்ச்சல். பிளேட்லெட் 98 ஆயிரம்.

மாமா வட்டக்கச்சி: என்ன பிள்ளை சொல்லுறாய்? அவனுக்குக் கொழும்பில படிக்கேக்க ஒருக்கா வந்ததெல்லே. ஒருக்கா வந்தால் பேந்து வராதெண்டு சொன்னவை.

சித்தி கிளிநொச்சி: நானும் அப்பிடித்தான் நினைச்சனான் அண்ணை. அதாலதான் ரெண்டு நாள் பனடோலைக் குடுத்து வீட்டில வச்சிருந்தது.

அண்ணா கொழும்பு (6:58): சித்தி, முந்தி டெங்கு வந்தவன் எண்டு டொக்டரிட்டச் சொன்னனீங்களோ?

சித்தி கிளிநொச்சி: இல்லையப்பு.

அண்ணா கொழும்பு: இப்பவே போய்ச் சொல்லுங்கோ. டெங்கு வைரஸ் ஒண்டில்லை, நாலு வகை. வந்த வகை திரும்ப வராது, மற்ற மூண்டும் வரும். ரெண்டாந்தரம் வேற வகை வந்தால் கடுமையாகிற ஆபத்துக் கூட. பழைய வகைக்கு உடம்பு செய்து வச்ச எதிர்ப்புப் பொருள் புது வைரஸில ஒட்டும், ஆனா அழிக்காது. ஒட்டினபடியே கலத்துக்குள்ள ஏத்தி விட்டிடும். கனபேர் ரெண்டாந்தரமும் சுகமாகித்தான் வருகினம். எண்டாலும் வார்ட்டில அது தெரிஞ்சிருக்கவேணும்.

பெரியம்மா கனடா: பப்பாசி இலைச் சாறு குடு தங்கச்சி.

அண்ணா கொழும்பு: வேண்டாம் பெரியம்மா. சத்தி வந்தால் குடிச்ச தண்ணியும் போயிடும். ஜீவனி (உப்பு, சீனி கலந்த பவுடர் கரைச்ச தண்ணி), இளநீர், கஞ்சி காணும். பீற்றூட், சிவப்புச் சோடா குடுக்காதேங்கோ, சத்தி எடுத்தால் இரத்தமோ எண்டு தெரியாமல் போகும்.

சித்தி கிளிநொச்சி (8:15): சொல்லிப்போட்டன். இப்ப இன்னுமொரு குழாய் இரத்தம் கேக்கினம், என்ன வகை எண்டு பாக்க அனுப்பவாம். பிள்ளை வாடிப்போய்க் கிடக்கிறான். எத்தினைதரம் குத்துறது? வேண்டாமெண்டிட்டன்.

அண்ணா கொழும்பு: ஐயோ சித்தி, குடுங்கோ. கொஞ்ச இரத்தந்தான்.

சித்தி கிளிநொச்சி: அந்த முடிவு வந்தால் மருந்து மாத்துவினமோ?

அண்ணா கொழும்பு: இல்லை. நாலு வகைக்கும் வைத்தியம் ஒண்டுதான், தண்ணிக் கணக்குத்தான். உங்களிட்டை நான் பொய் சொல்லேல்ல. இது அவனுக்கில்லை, அடுத்த கட்டிலுக்கு வரப்போற பிள்ளைக்கு.

அண்ணா கொழும்பு: 2009க்குப் பிறகு கன வருசம் நாட்டில முதலாம் வகைதான் கூடத் திரிஞ்சது.

மாமா வட்டக்கச்சி: 2009 எண்டால் நாங்கள் முகாமுக்க.

அண்ணா கொழும்பு: ஓம் மாமா. அந்த வருசங்களில சனத்துக்கு முதலாம் வகைக்கு எதிர்ப்பு வந்திட்டுது. 2016 இல ரெண்டாம் வகை கிளம்பிச்சுது. அதுக்கு எதிர்ப்பு உள்ள ஆக்கள் குறைவு. 2017 இல 186,000 பேருக்கு மேல டெங்கு, 400க்கு மேல சாவு. நான் அப்ப ஆய்வுகூடத்தில புதுசு. வார்ட்டில கட்டில் இல்லாமல் நிலத்தில பாய் போட்டுக் கிடந்தவையைப் பாத்தனான். 2019க்குப் பிறகு மூண்டாம் வகை மேல வந்தது. வகை மாறுறதை முதல்ல காட்டுறது வார்ட்டில எடுக்கிற இந்தக் குழாய்தான். முந்தியே தெரிஞ்சால் கட்டில், சேலைன், ஆக்கள் எல்லாம் ஆயத்தம் பண்ணலாம்.

நான்: அங்க எடுத்த டெஸ்ட்டில வகை தெரியாதோ அண்ணா?

அண்ணா கொழும்பு: அது என்.எஸ்.1 டெஸ்ட், டெங்கு எண்டு மட்டுந்தான் சொல்லும். வகைக்கு பி.சி.ஆர். வேணும், வைரஸின்ர மரபணுவைப் பாக்கிற டெஸ்ட். முதல் அஞ்சு நாளுக்குள்ள எடுத்த இரத்தம் எண்டால்தான் வைரஸ் பிடிபடும். அவனுக்கு இண்டைக்கு நாலு. எல்லா நோயாளியிட்டயும் எடுக்கிறேல்ல, கொஞ்சப்பேரிட்டத்தான். அதிலயும் எங்கட பக்க ஆக்கள் வேண்டாமெண்டால் வன்னியில என்ன வகை ஓடுதெண்டு கொழும்பில இருக்கிற எங்களுக்கு எப்பிடித் தெரியும்?

சித்தி கிளிநொச்சி (9:05): குடுத்திட்டன்.

மாமா வட்டக்கச்சி (10:30): பழைய டயக்னோசிஸ் கார்ட் எடுத்திட்டன். காணி உறுதியோட றங்குப்பெட்டிக்க இருந்தது. 2017 ஜூலை. டெங்கு எண்டு மட்டும் கிடக்கு.

அண்ணா கொழும்பு: அப்ப ரெண்டாம் வகையா இருந்திருக்கலாம், உறுதி இல்லை. கொண்டுபோய்க் குடுங்கோ மாமா. பிள்ளையளே, வந்த மாரிக்குப் பிறகு தண்ணித் தாங்கி, பீலி, கோழிக்கு வைக்கிற சட்டி பாத்தனீங்களோ? காய்ஞ்ச சட்டி எண்டு விடாதேங்கோ, நுளம்பு முட்டை மாசக்கணக்காக் காயாமல் ஒட்டிக்கிடக்கும். உரஞ்சிக் கழுவுங்கோ.

சித்தி கிளிநொச்சி (மாலை 5:20): காய்ச்சல் விட்டிட்டுது!! 98.6. நல்லூரானே.

அண்ணா கொழும்பு: சித்தி, இனித்தான் கண்ணை மூடக்கூடாது. காய்ச்சல் இறங்குற நேரத்திலதான் இரத்தக் குழாயால நீர் கசியும். ஒண்டு ரெண்டு நாள். வயித்து நோ, விடாத சத்தி, கை கால் குளிர்ச்சி, மூத்திரம் குறையிறது, எது வந்தாலும் உடன நேர்ஸிட்ட ஓடுங்கோ. வீட்ட கூட்டிக்கொண்டு போறம் எண்டு கேக்கவே கேக்காதேங்கோ.

சித்தி கிளிநொச்சி: சரியப்பு. அளவுக் கோப்பை தந்திருக்கினம்.

சித்தி கிளிநொச்சி (இரவு 11:10): ஏழு மணியில இருந்து 190 எம்.எல். மூத்திரம் போனவன். தாளில எழுதிப்போட்டன். இருந்து கதைக்கிறான்.

அண்ணா கொழும்பு: நல்லது சித்தி. அடுத்தது மூண்டு மணிக்கு எழுதுங்கோ. நானும் முழிச்சுத்தான் இருக்கிறன்.