கரப்பனால (எக்சிமா எண்ட தோல் வருத்தம்) பட்டதுகள்: உங்கட கதையையும் எழுதுங்கோ

கொக்குவில் அம்மா:
போன வருசம் நல்லூர்த் திருவிழாவில நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகேல்லை. மகளுக்கு நாலு வயசு. முழங்கை மடிப்பிலயும் முழங்காலுக்குப் பின்னாலயும் கரப்பன், உங்களுக்குத் தெரிஞ்ச அதே ரகம்தான். சோளகக் காத்துக்குக் காய்ஞ்சு வெடிச்சிருந்தது. வீதி மணலுக்குள்ள இன்னொரு பிள்ளையோட கை கோத்து விளையாடினவள். அந்தத் தாய் வந்து இவளின்ர கையைப் பாத்திட்டு, தன்ர பிள்ளையை இழுத்து, சேலைத் தலைப்பால அதின்ர உள்ளங்கையைத் துடைச்சா. ஒரு சொல்லும் சொல்லேல்லை. என்ர பிள்ளை அதைப் பாத்து, தன்ர கையைத் தன்ர பாவாடையில துடைச்சாள். இது தொத்தாது எண்டு சொல்ல அந்த நேரம் எனக்கு வாய் வரேல்லை.

சுன்னாகத்தான்:
அப்பாவுக்கு வந்தது வேற. கண்ணிமை தடிச்சு, கழுத்தும் காதுக்குப் பின்னாலயும் கறுத்துச் சொரசொரத்துப் போச்சு. ரெண்டு வருசம் வெயில் எண்டே நினைச்சம். கிளினிக்கில டொக்டர் துண்டு எழுத முன்னம் போனில ஒரு படத்தைக் காட்டினார். "ஐயா, இந்தச் செடி உங்கட தோட்டத்துப் பக்கம் நிக்குதோ?" பார்த்தீனியம். கரட் இலை மாதிரி இலை, பொடி வெள்ளைப் பூ. இந்தியன் ஆமி காலத்தில வந்தது எண்டு சொல்லுவினம். அப்பா வெங்காயப் பாத்திக்குள்ள அதை வெறுங்கையால பிடுங்கிறவர். காய்ஞ்ச தூள் காத்தில வந்து முகத்தில பட்டாலே காணுமாம். இப்ப எங்கட காணியில ஒண்டும் இல்லை. பக்கத்துக் காணிக்காரர் கனடாவில, அங்க இடுப்பளவு நிக்குது. ஆரிட்டப் போய்ச் சொல்ல?

வடமராட்சி மாமி:
கொக்குவில் பிள்ளை, கத்தரிக்காய், நண்டு, கணவாய் எல்லாம் நிப்பாட்டிப் பாத்தனீங்களோ? கடியைக் கிளப்பிற கிரந்திச் சாப்பாடு குடுத்துக்கொண்டு கிறீம் பூசி என்ன பிரியோசனம்? எங்கட அம்மா வேப்பிலை அரைச்சுப் பூசித்தான் எங்களை வளர்த்தவ.

தீவான்:
மாமி, கோவிக்காதேங்கோ, நிப்பாட்டிப் பாத்த வீடு எங்கட. மகனுக்கு முட்டை, பால், மீன் ஒண்டும் இல்லாமல் எட்டு மாசம். நிறை ஏறேல்லை, கடி மட்டும் அப்பிடியே நிண்டது. சில பிள்ளையளுக்குச் சாப்பாடு கிளப்பிறது உண்மைதான், ஆனா டொக்டரிட்டக் கேளாமல் எல்லாத்தையும் மறிச்சால் பிள்ளைதான் மெலியும். வெடிச்ச தோலில வேப்பிலை எரியும், அதையும் அனுபவிச்சாச்சு.
என்ர கதை சின்னன். காலில அஞ்சு ரூவாக் குத்தி அளவில வட்டம் வட்டமா வந்தது. படை எண்டு நானே தீர்ப்புச் சொல்லி, பாமசியில பங்கசுக் கிறீம் வாங்கி மாசக்கணக்காப் பூசினன். கடைசியில தோலைச் சுரண்டிச் சோதிச்சுப் பாத்தால் பங்கசே இல்லை, எக்சிமாவிலயே ஒரு வகையாம். மற்றப் பக்கமும் நடக்கும். உண்மையான படைக்கு, கரப்பனுக்குப் பூசிற ஸ்டீரொயிட் கிறீமைப் பூசினால் கடி அடங்கும், படை பரவும்.

பெரியண்ணை:
எனக்கு உள்ளி உரிச்சு இடக்கை மூண்டு விரல் நுனியும் வெடிச்சது, அவ்வளவுதான். உள்ளியைப் பிடிக்கிற விரலுக்குத்தான் வரும், கத்தி பிடிக்கிற கைக்கு இல்லை. இனிக் கேளுங்கோ. எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி, சவர்க்காரம் நுரைக்காது, அதுக்காக நாங்கள் இன்னும் கூடப் போடுவம். அங்கதான் தோல் காயுது. பிள்ளையை அஞ்சு பத்து நிமிசத்தில குளிக்கவாத்து, துவாயால ஒத்தி, ஈரம் காய முன்னம் வாசலினோ டொக்டர் தந்த ஈரப்பதக் களிம்போ (ஸ்டீரொயிட் இல்லை) தாராளமாப் பூசுங்கோ. கடி இல்லாத நாளும் பூச வேணும். ஸ்டீரொயிட் எண்டவுடன பயந்து பொட்டு வைக்கிற மாதிரித் தொடாதேங்கோ. பெரிய ஆளின்ர சுட்டுவிரல் நுனியில இருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் அரைக் கிராம், அது விரலுகளோட சேத்துப் பெரிய ஆளின்ர ரெண்டு உள்ளங்கை அளவு தோலுக்குக் காணும். எத்தினை நாள் எண்டதை டொக்டர் சொல்லோணும், பாமசிக்காரர் இல்லை. நகத்தை ஒட்ட வெட்டுங்கோ. சீழ் வைச்சால் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ.

கொக்குவில் அம்மா:
அண்ணை, இதெல்லாம் செய்யிறம், தோலும் இப்ப பரவாயில்லை. இந்த முறை கொடியேத்தத்துக்கு நீட்டுக் கைச் சட்டைதான் வேணும் எண்டு நிக்கிறாள். அந்த வெக்கைக்குள்ள வேர்த்தால் இன்னும் கடிக்கும். ஆரும் இதுக்கு என்ன செய்தனீங்கள்?