புதுப்பிப்பு: சிங்க் கழிவுக் குழாயை எதிர்ச் சுவருக்கு மாற்றியது, வேலை முடிந்தது

சமையலறையைப் புதுப்பிக்கும்போது சிங்க்கை எதிர்ச் சுவருக்கு மாற்றுகிறோம், கழிவுக் குழாயைத் தரைக்கடியில் எப்படிக் கொண்டுபோவது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இப்போது தண்ணீர் தடையில்லாமல் போகிறது.

முதலில் குழாயின் சரிவு. இங்கே சொன்னபடி மீட்டருக்கு 25 மில்லிமீட்டர் இறக்கம் வைத்தோம். திருப்பத்தில் ஒரே 90 டிகிரி எல்போவுக்குப் பதில் 45 டிகிரி பெண்டு இரண்டு போட்டோம். அடைப்பு எடுக்க அங்கேயே ஒரு மூடி வைத்தாயிற்று.

டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் சோதித்துவிடுங்கள் என்று ஒருவர் எழுதியிருந்தாரே, அதுதான் எங்களைக் காப்பாற்றியது. கீழ் முனையை அடைத்துத் தண்ணீர் நிரப்பியதும் ஓர் இணைப்பில் கசிவு தெரிந்தது. வெட்டியெடுத்து, புதுத் துண்டு போட்டு ஒட்டினோம்.

எதிர்பாராதது ஒன்று. சிங்க் நிறைய நீர் விட்டு ஒரேயடியாகத் திறந்தால், கடைசியில் களக் களக் என்று சத்தம், அப்புறம் சாக்கடை நாற்றம். குழாய் நீளமாக இருந்ததால், இறங்கும் நீர் டிராப்பில் (சிங்க்குக்கு அடியில் தண்ணீர் தேங்கி நின்று நாற்றத்தைத் தடுக்கும் வளைவுக் குழாய்) நிற்க வேண்டிய தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போயிருக்கிறது. டிராப்பை மாற்ற வேண்டியதே இல்லை. காற்று உள்ளே வந்து அந்த உறிஞ்சல் நிற்க, டிராப்பைத் தாண்டியதும் ஒரு காற்றுக் குழாயைப் பிரித்து, சுவர் வழியாகக் கூரைக்கு மேல் கொண்டுபோனோம். சத்தமும் நாற்றமும் அன்றே நின்றன. இதே தொல்லை இருப்பவர்கள் முதலில் காற்று வழி இருக்கிறதா என்று பாருங்கள்.