டிஎஸ் லைட்டில் எங்கள் வைஃபை சாம்பல் பூட்டாகவே தெரிகிறது, உதவி தேவை

முற்றம்:
வணக்கம். 2007-இல் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த நின்டெண்டோ டிஎஸ் லைட் என்ற கையடக்க கேம் கருவி, பீரோவை ஒழித்தபோது கையில் கிடைத்தது. சார்ஜ் ஏறுகிறது, உள்ளே மரியோ கார்ட் அட்டையும் அப்படியே இருக்கிறது. நானும் தங்கையும் சண்டை போட்டு விளையாடியது. இப்போது அவள் டொராண்டோவில். அங்கே பழையது ஒன்று வாங்கிவிட்டாள், ரேஸ் போட வேண்டுமாம்.

டிஎஸ்ஸின் முகப்பில் வைஃபை அமைப்பே இல்லை, கேமுக்குள் போய்த்தான் தேட வேண்டியிருக்கிறது. தேடினால் எங்கள் வைஃபை பெயர் வருகிறது, பக்கத்தில் சாம்பல் நிறப் பூட்டு. தொட்டால் இணையாது, பாஸ்வேர்டும் கேட்பதில்லை. ரூட்டரை இரண்டு முறை அணைத்துப் போட்டும் அதேதான்.

வெண்பா:
பாஸ்வேர்ட் தவறில்லை. அந்தப் பட்டியலில் பச்சை என்றால் பூட்டில்லாத நெட்வொர்க். சிவப்பு என்றால் வெப் (WEP) என்ற பழைய வைஃபை பாதுகாப்பு முறையின் பூட்டு, சாவி கேட்கும். சாம்பல் என்றால் டிஎஸ்ஸுக்குப் புரியாத பூட்டு. உங்கள் ரூட்டரில் அதைவிடப் புதிய பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ2 (WPA2) இருக்கும். டிஎஸ் லைட்டுக்கு வெப் மட்டும்தான் தெரியும்.

அலை:
அப்படியானால் ரூட்டரில் வெப் என்று மாற்றிவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

வெண்பா:
தயவுசெய்து வேண்டாம். வெப்பை உடைக்கலாம் என்று 2001-லேயே காட்டிவிட்டார்கள். இன்று ஒரு லேப்டாப் இருந்தால் சில நிமிடம் போதும். உங்கள் பேங்க் ஆப், அப்பா அம்மா போன் எல்லாம் அதே வைஃபையில்தானே ஓடும்? ஒரு கேமுக்காக வீட்டுக் கதவையே திறந்து போடக் கூடாது.

ரூட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் (விருந்தாளிகளுக்கான தனி வைஃபை) இருந்தால் அதை மட்டும் தனியாகத் திறங்கள். அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருக்க வேண்டும், வீட்டுக் கருவிகளை அதிலிருந்து பார்க்க முடியாதபடி வைக்க வேண்டும். விளையாடி முடித்ததும் அணைத்துவிடுங்கள்.

முற்றம்:
கெஸ்ட் இருக்கிறது. ஆனால் பட்டியலில் வெப் இல்லையே அண்ணா. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3, ஓப்பன், அவ்வளவுதான்.

வெண்பா:
புது ரூட்டர்கள் வெப்பை எடுத்துவிட்டன, நல்லதுதான். ஓப்பன் போடுங்கள். கேமின் வைஃபை அமைப்பில் ஆப்ஷன்ஸ், அப்புறம் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் போனால் மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி அடையாள எண்) தெரியும். கெஸ்ட்டில் அதை மட்டும் அனுமதியுங்கள். மேக் முகவரியைப் போலியாகப் போட்டுக்கொள்ள முடியும் என்பதால் அதை முழுக் காவலாக நம்ப வேண்டாம். அணைப்பதுதான் உண்மையான காவல்.

முற்றம்:
எல்லாம் செய்தேன். இப்போது கெஸ்ட்டின் பெயரே பட்டியலில் வரவில்லை! போனில் தெரிகிறது.

கடலோரன்:
ரூட்டரில் 2.4-க்கான மோட் என்ன? டிஎஸ் பேசுவது 802.11பி என்ற பழைய வைஃபை வகை, அதிலும் 1, 2 எம்பிபிஎஸ் வேகத்தில்தான். "N மட்டும்" (அதாவது புதிய 802.11என் வகை மட்டும்) என்று இருந்தால் அதன் காதில் எதுவும் விழாது. பி/ஜி/என் கலந்த மோடுக்கு மாற்றுங்கள். சேனலையும் ஆட்டோவில் விடாமல் 1 அல்லது 11 என்று நிறுத்துங்கள்.

இன்னொன்று. இதற்காக டிஎஸ் லைட்டுக்கு அடுத்து வந்த டிஎஸ்ஐ வாங்கலாமா என்று யோசிக்காதீர்கள். அதில் டபிள்யூபிஏ2 உண்டு என்றாலும் பழைய டிஎஸ் அட்டைகளுக்கு அது உதவாது.

முற்றம்:
பச்சை வந்துவிட்டது! "N மட்டும்" என்றுதான் இருந்தது. ஆனால் கனெக்ஷன் டெஸ்ட் தோற்கிறது.

கடலோரன்:
ரூட்டர் பக்கம் முடிந்தது. நின்டெண்டோவின் அதிகாரபூர்வ சர்வரை 2014 மே 20-இல் மூடிவிட்டார்கள், அதனால்தான். ரசிகர்கள் நடத்தும் வீம்ஃபை என்ற சர்வர் இருக்கிறது. கேமின் வைஃபை அமைப்பில் கனெக்ஷன் 1-இல், எந்த சர்வருக்குப் போவது என்று வழிகாட்டும் டிஎன்எஸ்ஸைத் தானாக எடுப்பதை நிறுத்திவிட்டு, வீம்ஃபை தளத்தில் டிஎஸ்ஸுக்கென்று தந்திருக்கும் எண்ணை இடுங்கள். தங்கையும் அங்கே இதையே செய்ய வேண்டும். அப்புறம் இருவரும் கேம் தரும் 12 இலக்க ஃப்ரெண்ட் கோடை (நண்பர் எண்) ஒருவருக்கொருவர் பதிவு செய்யுங்கள். ஒருவர் மட்டும் போட்டால் சேராது.

முற்றம்:
வேலை செய்தது! டெஸ்ட் முதல் தடவையே பாஸ். கோடில் ஒரு எண்ணை நான் மாற்றிப் போட்டிருந்தேன், அதில் அரை மணி நேரம் போயிற்று. எனக்கு ராத்திரி பத்தரை, அவளுக்கு மதியம். பட்டியலில் அவள் பெயர் வந்ததும் போனில் இருவரும் ஒரே நேரத்தில் கத்திவிட்டோம், அம்மா எழுந்து வந்துவிட்டார். நான்கு ரேஸில் மூன்று அவளுக்கு. கெஸ்ட்டை அணைத்துவிட்டேன். ரொம்ப நன்றி அண்ணா, கடலோரன் உங்களுக்கும்.