வடக்கு மாசிடோனியா: இன்னொரு வீட்டோவுக்குத் தடை உண்டா?

போட்டித் தேர்வுக்கு சர்வதேச உறவுகள் குறிப்பு எழுதுறேன், வடக்கு மாசிடோனியாவில் வந்து மாட்டிக்கிட்டேன்.

2004-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர விண்ணப்பம், 2005-ல் வேட்பாளர் தகுதி. 'மாசிடோனியா'ங்கிற பேருக்காக கிரீஸ் முட்டுக்கட்டை போட்டதால 2019-ல் நாட்டோட பேரையே மாத்தினாங்க (வேற யார் செய்வாங்க!). அதே வருஷம் சேர்க்கைப் பேச்சுவார்த்தை தொடங்க பிரான்ஸ் மறுத்தது. 2020-ல் மொழி, வரலாறுன்னு பல்கேரியா வீட்டோ (ஒரே நாடு மறுத்துத் தடுக்கிறது). 2022 ஜூலையில் சேர்க்கைப் பேச்சுவார்த்தையின் முதல் மாநாடு நடந்தும், அரசியலமைப்பில் பல்கேரியர்களைச் சேர்த்தாதான் அடுத்த கட்டமாம். கூடவே நின்ன அல்பேனியா 2024 அக்டோபரில் பேச்சுவார்த்தையின் முதல் தொகுப்பைத் (பாட அத்தியாயங்களின் குழு) திறந்துட்டு போயிடுச்சு.

ஒன்றியத்தோட கவுன்சில் (உறுப்பு நாடுகளின் அவை) முடிவுகள், ஐரோப்பிய ஆணையத்தோட ஆண்டறிக்கை ரெண்டையும் புரட்டியாச்சு. ஒவ்வொரு படிக்கும் எல்லா நாடும் ஒத்துக்கணும்ங்கிறதைத் தாண்டி எதுவும் பிடிபடல.

அந்தத் திருத்தம் நிறைவேறின பிறகு பல்கேரியா புதுசா எதையும் கேட்டுத் தடுக்க முடியாதுன்னு சொல்ற ஆவணம் ஏதாவது இருக்கா?