அமோர்சோலோவின் வெயில், மனன்சாலாவின் கண்ணாடி, பசீத்தாவின் ஊசி: பிலிப்பைன்ஸ் கலை அனுபவப் பகிர்வு

மணிலா போய்ப் பார்த்தவர்களும், பிலிப்பீனோ கலைஞர்களின் முறையில் கை பழகுபவர்களும் எழுதுங்கள். படம் அழகு என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த அழகு எப்படி வந்தது, பார்த்து வரையும்போது எங்கே கெடுகிறது, எங்கே நின்றால் பிடிபடுகிறது என்பதுதான் வேண்டும்.

அருங்காட்சியகம் சுற்றுபவர்

மணிலாவின் தேசிய நுண்கலை அருங்காட்சியகத்தில் ஓவியர் ஹுவான் லூனாவின் ‘ஸ்போலியாரியம்’தான் முதலில் நிறுத்தும். ரோமில் வரைந்தது, 1884இல் மாட்ரிட் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது. உயரம் 4.22 மீட்டர், அகலம் ஏழரை மீட்டருக்கும் மேல். செத்த கிளாடியேட்டர்களை (பழைய ரோமில் வேடிக்கைக்காகச் சண்டையிட வைக்கப்பட்டவர்களை) அரங்கிலிருந்து இழுத்துவரும் காட்சி. ஸ்பெயினின் பிடியில் கிடந்த தன் நாட்டையே அதில் பார்த்ததாக பிலிப்பீனோ எழுத்தாளர் ஹோசே ரிசால் அதே ஆண்டு மாட்ரிட் விருந்தில் பேசினார்.

பலரும் நேரே கிட்டே போய்விடுகிறார்கள். அது வேண்டாம். எதிர்ச்சுவரில் இன்னொரு பிலிப்பீனோ ஓவியரான ஹிடால்கோ வரைந்த ஆளுநர் புஸ்தமாந்தே கொலைக் காட்சி இருக்கிறது. அதற்கு முதுகு காட்டி நின்று முழுப் படத்தையும் முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு வலப்பக்கக் கீழ்மூலைக்குப் போங்கள். நமக்கு முதுகைக் காட்டித் தரையில் சரிந்திருக்கும் பெண்ணை ஒரு கை தூரத்தில் பார்த்தால் துணி துணியாகத் தெரியாது, அகலத் தூரிகையின் இழுப்புகளாகத்தான் தெரியும். பின்னால் நகர நகர அது துணியாகும். போனில் எடுத்த படம் இருட்டுப் பகுதிகளைக் கறுப்பாக அடைத்துவிடும். நேரில் அந்த இருட்டுக்குள் ஆட்கள் நடமாடுகிறார்கள்.

ஆயில் பெயிண்டிங் சொல்லித்தருபவர்

பெர்னாண்டோ அமோர்சோலோ (1892–1972) பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும். நாட்டின் முதல் தேசியக் கலைஞர். மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில் ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸின் படங்களைப் பார்த்துப் பழகியவர். 1922இன் ‘நாற்று நடவு’ படம் நாட்காட்டி, சுவரொட்டி என்று போகாத வீடு இல்லை. இனிப்பான கிராமப் படம் என்று அவரைத் தள்ளிவிடுகிறவர்கள் வெளிச்சத்தை அவர் கட்டிய விதத்தைக் கவனிப்பதில்லை.

அவர் கையெழுத்தே பின்னொளிதான். சூரியன் ஓவியரின் முதுகுப்பக்கம் இல்லை, வரையப்படும் ஆளின் முதுகுப்பக்கம். அதனால் முகம் நிழலில் இருக்கிறது, ஓரம் மட்டும் எரிகிறது.

பழகுவதற்கு இந்த வரிசை உதவும். யெல்லோ ஓக்கரும் கொஞ்சம் பர்ன்ட் சியென்னாவும் டர்பன்டைனில் கரைத்து கேன்வாஸ் முழுக்க மெல்லத் தேய்த்துக் காயவிடுங்கள். உருவம் முழுவதையும் ஒரே நிழல் தொனியில் (இருட்டு-வெளிச்ச அளவில்) அடையுங்கள். இந்தக் கட்டத்தில் வெள்ளையைத் தொடாதீர்கள். அடுத்தது எதிரொளி. வெயில் தரையிலும் வயல் தண்ணீரிலும் பட்டுத் திரும்பித் தாடையின் அடிப்பக்கம், மூக்கின் அடிப்பக்கம், தொப்பி விளிம்பின் உட்புறம் எல்லாவற்றிலும் ஏறும். அங்கே நிறம் சூடு. வானத்தைப் பார்க்கும் நெற்றி, கன்னத்து மேடு ஆகியவற்றில் நீலம் கலந்த குளிர்ச்சி. ஓரவெளிச்சம் கடைசியில்தான்: வெள்ளையில் துளி கேட்மியம் யெல்லோ, எண்ணெய் சேர்க்காமல் தடிப்பாக, ஒரே இழுப்பில். அதை ஒட்டி உள்பக்கம் மெல்லிய ஆரஞ்சுப் பட்டை ஒன்று வேண்டும். காதுமடலிலும் மெல்லிய துணியிலும் வெயில் ஊடுருவும் இடம் அது.

கெடுவது பெரும்பாலும் ஓரத்தில். உருவத்தைச் சுற்றிலும் ஒரே தடிமனில் கோடு ஓடினால் ஆளைக் கத்தரித்து ஒட்டினதுபோல ஆகிவிடும். தோளில் தடித்து, முழங்கையில் மெலிந்து, இடுப்பில் காணாமல் போக வேண்டும். இன்னொன்று பின்னணி. அது ஓரவெளிச்சத்தைவிட இருட்டாகவும் உடல் நிழலைவிட வெளிச்சமாகவும் இருக்க வேண்டும். வெறும் வானத்தை வைத்தால் ஓரம் கரைந்துபோகும். அவர் படங்களில் தலைக்குப் பின்னால் மரக்கூட்டம் அடிக்கடி வருவதற்கு இதையும் ஒரு காரணமாகவே நான் பார்க்கிறேன்.

புதிதாகப் பழகுபவர்

அக்கா, நீங்கள் சொன்ன வரிசையில் செய்தும் நிழல் முகம் சாம்பல் பூத்துவிடுகிறது. என்ன காரணம்?

ஆயில் பெயிண்டிங் சொல்லித்தருபவர்

நிழலை வெளுக்க வெள்ளை சேர்க்கிறீர்கள் தம்பி. வெள்ளை தொனியை ஏற்றும், கூடவே சூட்டையும் எடுத்துவிடும். ஓக்கரையோ வெளிர் சிவப்பையோ சேர்த்து ஏற்றுங்கள். கறுப்பு சேர்த்து இறக்குவதும் வேண்டாம், முகத்தில் பள்ளம் விழுந்த மாதிரி இருக்கும். பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரீன் நீலமும் போதும்.

நீர்வண்ணக்காரர்

விசென்தே மனன்சாலாவின் முறையை ‘ஒளிபுகும் கியூபிசம்’ என்பார்கள். கியூபிசம் என்பது உருவத்தைத் தளம் தளமாக உடைத்து வரையும் பாணி. மனன்சாலா பாரிஸில் ஓவியர் பெர்னான் லெஜேயிடம் பயின்றவர். ஆனால் உருவத்தை அவர் சிதறடிக்கவில்லை. மீன் விற்கும் பெண் மீன் விற்கும் பெண்ணாகவே இருப்பாள். அவள்மேல் கண்ணாடித் துண்டுகளை அடுக்கி அதன் வழியே பார்ப்பதுபோல இருக்கும்.

இதற்கு 300 கிராம் காட்டன் தாள் எடுங்கள். தாடைக் கோடு, தோள் கோடு, கூடையின் விளிம்பு ஆகியவற்றை உருவத்தோடு நிறுத்தாமல் இன்னொரு கோட்டில் முட்டும்வரை நீட்டுங்கள். இரண்டு தளங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் இரண்டின் நிறமும் சேர்ந்த மூன்றாவது நிறம் வர வேண்டும். நீல மீனும் காவிக் கூடையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் அங்கே பச்சை கலந்த சாம்பல். ஒரு பூச்சு முழுக்க உலர்ந்த பிறகே அடுத்தது. ஒரே இடத்தில் மூன்று பூச்சுக்கு மேல் போனால் சேறுதான். கேட்மியம் மாதிரி மறைக்கும் வண்ணம் கூடாது. தேலோ, குவினாக்ரிடோன் போன்ற ஒளிபுகும் வண்ணங்களே சரி. எல்லா விளிம்பும் கூர்மையாக இருந்தால் ஜன்னல் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், ஆகவே ஒவ்வொரு தளத்திலும் ஒரு பக்கத்தை ஈரத்தூரிகையால் மங்க விடுங்கள்.

நேரில் பார்க்க டிலிமனில் உள்ள பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழக வளாகத்தின் வட்டத் தேவாலயத்துக்குப் போங்கள். கட்டடக் கலைஞர் லியாந்த்ரோ லொக்சின் வடிவமைத்து 1955இல் கட்டியது. சுற்றிலும் உள்ள சிலுவைப்பாதை ஓவியங்கள் மனன்சாலாவுடையவை. ஓவியர் ஆங் கியுகோக் உதவினார். பீடம் நடுவில் இருப்பதால் மக்கள் எல்லாப் பக்கமும் உட்காருகிறார்கள். அதனால் நெப்போலியன் அபுவேவா சிலுவையை இரண்டு முகமாகச் செதுக்கினார்: ஒரு பக்கம் பாடுபடும் கிறிஸ்து, மறுபக்கம் உயிர்த்தெழுந்தவர். தரையில் ஓடும் வடிவம் ஆர்துரோ லூஸ் வரைந்தது. கீழே பார்க்காமல் அதன்மேல் நடந்து போய்விடாதீர்கள்.

வார்ப்புச் சிற்பி

அதே வளாகத்தில் அபுவேவாவின் ஆசிரியர் கியெர்மோ டொலெந்தினோ செய்த ‘ஒப்லேஷன்’ நிற்கிறது: கை விரித்து வானம் பார்க்கும் ஆண் உருவம். மூன்றரை மீட்டர் உயரம், 350 ஆண்டு ஸ்பானிய ஆட்சிக்குக் குறியீடு. 1935இன் மூலச்சிலை வெண்கலம் இல்லை. கான்கிரீட்டில் செய்து வெண்கலம்போல வண்ணம் பூசியது. வெண்கல வார்ப்பு 1958இல்தான் வந்தது. காலடியில் ஒரு செடி உண்டு, பிலிப்பீனோக்கள் ‘கதகதாக்கா’ என்பார்கள். நம்மூர் ரணகள்ளிதான். இலையைக் கிள்ளி எங்கே போட்டாலும் விளிம்பில் குட்டி முளைக்குமே, அதுவே. நாட்டுப்பற்று எங்கும் முளைக்கும் என்று சொல்ல அதை வைத்தார். பெரிய உருவத்தையே பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

கான்கிரீட்டில் கை விரித்த உருவம் செய்ய நினைப்பவர்களுக்கு: மணிக்கட்டு மெலிதாக இருக்கும், உள்ளே கம்பி மேலாக வந்துவிடும். ஈரம் இறங்கினால் கம்பி துருப்பிடித்துப் பருக்கும், மேல்பூச்சு பெயரும். கம்பிக்கு மேல் 25 மில்லிமீட்டராவது கான்கிரீட் இருக்கட்டும்; மெல்லிய இடங்களுக்கு ஸ்டெயின்லெஸ் கம்பி போடுங்கள்.

டொலெந்தினோ கலோகான் நகரில் எழுப்பிய, ஸ்பெயினை எதிர்த்த புரட்சித் தலைவர் போனிபாசியோவின் நினைவுச்சின்னம் (1933) வாகனங்கள் சுற்றும் வட்டச் சந்தியில் இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள். ஸ்பானிய ஆட்சி கொன்ற மூன்று பாதிரியார்களின் மரண தண்டனைக் காட்சியில் தொடங்கிச் சுற்றி வந்து போனிபாசியோவின் முன் முடியுங்கள். கதை அப்போதுதான் வரிசையாக விரியும்.

தையலும் துணியோவியமும் செய்பவர்

பசீத்தா அபாத் (1946–2004) பிலிப்பைன்ஸின் பாட்டனேஸ் தீவுகளில் பிறந்தவர். சிங்கப்பூரில் இருப்பவர்கள் அவர் கைவண்ணத்தை ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள்: ராபர்ட்சன் கீயில் 55 நிறங்களில் வட்டம் வட்டமாகத் தீட்டிய அல்காஃப் பாலம். அவர் முக்கியமான வழி டிராபுண்டோ. வண்ணம் தீட்டிய கேன்வாஸுக்குப் பின்னால் பஞ்சு வைத்து, அடித்துணி சேர்த்துத் தைத்து, மேலே பொத்தான், சோழி, கண்ணாடி, மணி எல்லாம் கோப்பது.

தைக்கத் தைக்க துணி சுருங்கும். முடிவில் ஒரு மீட்டர் வேண்டுமென்றால் பக்கத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டுங்கள். அக்ரிலிக்கை மெல்லியதாகப் பூசுங்கள்; தடித்தால் ஊசி இறங்காது, இறங்கின இடத்தில் வண்ணம் விரியும். தையல் நடுவிலிருந்து வெளியே போக வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் பஞ்சு நடுவில் குவிந்து மேடு கட்டும், பிரித்துத்தான் சரிசெய்ய முடியும். கண்ணாடி, சோழி எல்லாம் கனம், அதனால் இரண்டு மூலைகளில் மட்டும் தொங்கவிட்டால் நடு தொய்யும். பின்பக்க மேல் விளிம்பில் முழு அகலத்துக்கும் துணிக்குழாய் தைத்து அதற்குள் கம்பு செருகித் தொங்கவிடுங்கள். சுருட்டி வைக்கும்போது வண்ணப்பக்கம் வெளியே இருக்கட்டும். உள்ளே போனால் மடிப்பில் வண்ணம் நசுங்கும், கண்ணாடி ஒன்றோடொன்று உரசும்.