புக்கிட் மேரா ஏரியில் பேராக் ஆற்றை விட்டால் என்ன கெட்டுப்போகும்?

நிபோங்திபால்காரன்:
2023-ல் ஈப்போவிலிருந்து ரயிலில் வரும்போது பார்த்த புக்கிட் மேரா ஏரி இன்னும் கண்ணில் நிற்கிறது. பாலத்துக்கு இரண்டு பக்கமும் வெடித்த சேறு, நடுவில் கறுத்த மரக்கட்டைகள். மலேசியாவின் பேராக் மாநிலத்துக் கெரியான் நெல்வயல்களுக்காக 1906-ல் கட்டிய ஏரி அது. பேராக் ஆறு 400 கிலோமீட்டர் ஓடி சும்மா கடலில்தானே விழுகிறது, அதில் கொஞ்சம் திருப்பி ஏரியை நிரப்பி மிச்சத்தை எங்கள் பினாங்குக்கும் தந்தால் யாருக்கு நஷ்டம்? கோபப்படாமல் சொல்லுங்கள். தண்ணீர் தடை என்றால் வீட்டில் இருக்கிற இரண்டு டிரம்மை நம்பி வாழ்கிறவன் நான்.

பாரிட் புந்தார் மருமகன்:
அண்ணே, "சும்மா கடலில்" என்பதுதான் எனக்கு ஒத்துவராத வார்த்தை. ஆற்று நீர் குறைந்தால் கடல் உள்ளே ஏறும். பினாங்குக்குத் தண்ணீர் தருகிற மூடா ஆற்றுக்கு முகத்துவாரத்தில் தடுப்பணை போட்டதே உப்பு ஏறாமலிருக்கத்தான். என் மாமனார் வறட்சிக் காலத்தில் வாய்க்கால் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வயலுக்கு விடுவார். இன்னொன்று, புக்கிட் மேராவுக்குத் தண்ணீர் தருகிற குராவ் ஆற்றின் மேல்பக்கத்துக் காட்டை வெட்டிச் செம்பனை நட்டுக்கொண்டே போனால் மண் ஏரியில்தான் வந்து படியும். அந்தக் குழிக்கு அடுத்த ஆற்றைக் கொண்டுவந்து ஊற்றுவது ஓட்டை வாளியில் நிரப்புகிற வேலை.

செராஸ்வாசி:
எங்கள் கோலாலம்பூர், சிலாங்கூர் பக்கம் இது நடந்தே விட்டது. பகாங் மாநிலத்துச் செமந்தான் ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவர 44.6 கிலோமீட்டர் சுரங்கம், ஒரு நாளைக்கு 1,890 மில்லியன் லிட்டர் என்ற கணக்கு. அதற்காகக் கட்டிய கெலாவ் அணையால் ஓராங் அஸ்லி என்ற பழங்குடிக் குடும்பங்களும் ஃபெல்டா என்ற அரசு நிலத் திட்டத்தின் குடியேறிகளும் நிலத்தை விட்டார்கள். அந்தத் தண்ணீரில் குளிக்கிற நான் பெரிய எதிர்ப்பாளன் மாதிரி பேச முடியாது, சரி. ஆனால் சுரங்கம் வந்த பிறகும் ஆற்றில் எவனாவது கழிவைக் கொட்டினாலோ பழைய குழாய் வெடித்தாலோ தண்ணீர் நிற்கத்தான் செய்கிறது.

தூண்டில்_ஆயர்ஈத்தாம்:
தண்ணீரோடு மீன், களை, நோய் எல்லாம் சேர்ந்து வரும், அதை யாரும் பேசுவதில்லை. தங்கக் கெலிசா மீன் இயற்கையாக வாழ்கிற ஏரி அது. ஆரல் கடல் கதை தெரியுமா? பருத்திக்காக இரண்டு ஆறுகளைத் திருப்பி அதை வற்றவைத்த சோவியத்காரர்களே அப்புறம் சைபீரிய ஆறுகளைத் தெற்கே திருப்பப் பார்த்தார்கள். விஞ்ஞானிகளும் எழுத்தாளர்களும் எதிர்த்து, 1986-ல் கைவிட்டார்கள்.

நிபோங்திபால்காரன்:
உப்பு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் மருமகனே, குராவ் காடு வளர முப்பது வருடம் ஆகும், அதுவரை என் டிரம்முக்கு என்ன வழி?

பாரிட் புந்தார் மருமகன்:
மூன்றாவது டிரம் வாங்குங்கள் அண்ணே, கூரைத் தண்ணீர் விழுகிற இடத்தில் வையுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, மாமனார் வீட்டில் கார் கழுவுவது அதில்தான்.