‘சிக்னல் ஸ்ட்ரெங்த்’ என்பதற்கு ‘அலைவரத்து’

அன்புடையீர், வணக்கம்.

வீட்டுக் கணினியில் வைஃபை நிலையைக் காட்டும் நிரலைத் தமிழாக்குகையில் ‘சிக்னல் ஸ்ட்ரெங்த்’ என்பதற்குக் ‘குறிகை வலிமை’, ‘சமிக்ஞைத் திறன்’ என்னும் இரண்டு சொற்கள் பரிந்துரைக்கப்பட்டுள்ளன. சொல்லாக்கத்தில் இரண்டிலும் குறையில்லை. ஆனால் வலிமை, திறன் என்றதும் அவை ரவுட்டரின் ஆற்றலைக் குறிப்பதாகவே படிப்பவர் எண்ணுவார். திரையில் தெரியும் எண்ணோ, ரவுட்டர் அனுப்பிய அலையில் சுவரையும் தூரத்தையும் கடந்து நம் கணினியின் ஆண்டெனாவுக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதையே சொல்கிறது.

எங்கள் தருமபுரி மாவட்டத்தில் ஒகேனக்கல் ‘நீர்வரத்து’ என்றால் எல்லாருக்கும் தெரியும். கர்நாடக அணைகளில் எவ்வளவு திறந்துவிட்டார்கள் என்பது ஒரு கணக்கு. தமிழக எல்லையில் காவிரி நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் அளக்கும்போது எவ்வளவு வந்திருக்கிறது என்பது வேறு கணக்கு. வந்து சேர்ந்ததை அளக்கும் இந்தச் சொல்லை ஒட்டி ‘அலைவரத்து’ என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு.

இந்த வேறுபாடு வெறும் சொல்நயம் அன்று என்பதற்கு, பர்கூர்ப் பக்கம் கருங்கல் சுவர் வைத்துக் கட்டிய எங்கள் உறவினர் வீட்டையே சொல்லலாம். ‘சிக்னல் வீக்’ என்று கணினி காட்டியதால், இதைவிடப் பவர் கூடிய ரவுட்டர் வாங்க அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். ரவுட்டரோ உள்ளறையில் இரும்பு பீரோவுக்கும் கல்சுவருக்கும் இடையே தரையில் இருந்தது. கணினி இருந்த கூடத்தில் அளவு -78 டிபிஎம் (dBm, வந்து சேரும் அலையின் ஆற்றலை அளக்கும் அலகு). அதே ரவுட்டரை, வாசற்கால் வழியாகக் கணினிக்கு நேரே தெரியும்படி உயரமான அலமாரியில் வைத்ததும் -61 ஆயிற்று. இந்த 17 டெசிபெல் வேறுபாட்டுக்கு, வந்து சேரும் ஆற்றல் ஏறத்தாழ 50 மடங்கு கூடியது என்று பொருள். ஆனால் -100 டிபிஎம்மை 0 விழுக்காடாகவும் -50 டிபிஎம்மை 100 விழுக்காடாகவும் கொள்ளும் விண்டோஸ் கணக்கில் இது 44 விழுக்காடு 78 ஆனதாக மட்டுமே தெரியும். ஆகவே விழுக்காட்டுடன் டிபிஎம் அளவையும் காட்ட வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். 1 மில்லிவாட்டே 0 டிபிஎம் என்பதையும், எதிர்க்குறி எண் பூச்சியத்தை நெருங்க நெருங்க வரத்து மிகுதி என்பதையும் உதவிப் பக்கத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டால் குழப்பம் இராது.

‘வரத்து’ பேச்சுச்சொல், அதில் கலைச்சொல்லுக்குரிய இறுக்கம் இல்லை என்று சிலர் தயங்கலாம். அணைகளின் அன்றாட அறிக்கையில் அளவைச் சொல்லாக நெடுங்காலம் நின்றுவிட்ட சொல்லுக்கு இனி எந்த இறுக்கமும் தேவையில்லை.

இன்னொரு வசதியும் உண்டு. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பக்கத்து வீட்டு ரவுட்டர்களும் அதே சேனலில் (அலைவரிசையின் உட்பிரிவில்) இயங்கினால், -50 டிபிஎம் இருந்தாலும் வீடியோ திக்கும்; ஒன்றோடொன்று மோதாத 1, 6, 11 ஆகியவற்றில் நெரிசல் குறைந்த சேனலுக்கு மாற்றினால்தான் சரியாகும். ‘வலிமை நன்று, வேகம் இல்லை’ என்று எழுதினால் முரணாகத் தோன்றும். ‘அலைவரத்து போதுமானது, சேனலில் நெரிசல்’ என்று எழுதினால் அடுத்துச் செய்ய வேண்டியதும் அதிலேயே விளங்கிவிடும்.

எனவே பட்டியலில் ‘அலைவரத்து’ என்றும், எச்சரிக்கையில் ‘அலைவரத்து குறைவு: ரவுட்டரின் இடத்தை மாற்றிப் பாருங்கள்’ என்றும் இடக் கேட்டுக்கொள்கிறேன். ‘நாய்ஸ்’ என்பதற்கு ஏற்கெனவே வழங்கும் ‘இரைச்சல்’ அப்படியே இருக்கட்டும்.